கடைமடையில் அடைத்தல்

(பாறசாலையை அடுத்த எல்லைக் கிராமம் ஒன்றின் வாசகசாலையில் மருத்துவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்துக்கு வருகிற வழியில், களியக்காவிளைக்கு இப்பால் ஒரு தேநீர்க்கடை வாசலில் சற்று நின்றபோது, என்னை நெடுநாளாக அறிந்த முதியவர் ஒருவர், இன்று மாலை எதைப்பற்றிப் பிரசங்கம் என்று விசாரித்தார். தலையிலும் கழுத்திலும் உண்டாகும் சில கட்டிகளுக்கு, மெல்லிய குழல் ஒன்றை உடலுக்குள் செலுத்தி, அக்கட்டிகளுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளத்தை உள்ளிருந்தே அடைத்துவிடுகிற சிகிச்சையைப்பற்றி என்று சொன்னேன். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, "நெஞ்சுக்குப் போற கொழாய் அடஞ்சா ஆளு போச்சுன்னு சொல்லுதிய, இப்பம் நீங்களே கொழாய அடச்சா சொகமாவும்னும் சொல்லுதிய, இது எந்த நியாயம் டாக்டரே?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைக்காது. மருத்துவக் கல்லூரி மாணவர்கள் பலர் கேட்கத் தவறுகிற கேள்வி அது. அவருக்கு அங்கேயே நான் சொன்ன பதிலைத்தான் இப்பொழுது சற்று விரித்துச் சொல்லப்போகிறேன்.

நீரை அடைப்பது என்றால் என்ன என்பதை இந்தப் பிரதேசத்து மக்களுக்கு வெளியூரிலிருந்து வந்து யாரும் கற்பிக்கவேண்டியதில்லை. அகஸ்தியர் மலைச்சாரலில் பிறந்து, அணையில் தங்கி, இந்தத் தாலுகாவுக்குத் தன் பெயரையும் கொடுத்து, பூவாற்றில் கடலோடு கலக்கிறது நெய்யாறு. அதன் இடதுகரைக் கால்வாய் ஒரு காலத்தில் எல்லையைத் தாண்டி விளவங்கோட்டு வயல்களுக்கும் நீர் கொண்டுபோயிற்று. 2004ஆம் ஆண்டுமுதல் அந்த நீர் அங்கே வருவதில்லை. 1956 நவம்பர் முதல் தேதி விளவங்கோடு அப்பாலும் நெய்யாற்றின்கரை இப்பாலுமாக மாகாண எல்லை வகுக்கப்பட்டபோது, உறவுகள் பிரிந்ததைப்போலவே வாய்க்காலும் இரண்டாகப் பிரிந்தது. அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று பேச நான் வரவில்லை. தலைமடையில் ஷட்டரை இறக்கினால் கடைமடைவரையில் எல்லா வயலும் காயும் என்பதும், ஒரே ஒரு வயலுக்குப் பாயும் மடையை மண்ணிட்டு அடைத்தால் அந்த வயல் மாத்திரம் காயும் என்பதும் உங்களுக்குத் தெரியும். இந்த இரண்டு அடைப்புகளுக்கும் உள்ள வித்தியாசமே இன்றைய பிரசங்கத்தின் சாரம். மாரடைப்பில் அடைபடுவது நெல் விளையும் வயலுக்குப் போகும் வாய்க்கால். நாங்கள் அடைக்க விரும்புவதோ, நெல்லுக்குப் போகவேண்டிய நீரையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு புதராக வளர்ந்துவிட்ட ஒரு மூலைக்குப் போகும் மடை.

கழுத்தில் குரல்வளை மேட்டின் மேல்விளிம்புக்கு நேராக, இரு பக்கத்திலும், கரோட்டிட் என்னும் பெரிய தமனி ஒன்று இரண்டாகப் பிரிகிறது. விரலை வைத்துப் பார்த்தால் அது துடிப்பது தெரியும். உட்கிளை மூளைக்கும் கண்ணுக்கும் போகிறது. வெளிக்கிளை முகம், நாக்கு, மூக்கு, காது, தாடை, உச்சந்தலைத் தோல் ஆகியவற்றுக்கெல்லாம் எட்டுக் கிளைகளாய்ப் பிரிந்து பாய்கிறது. இந்த வெளிக்கரோட்டிட் தமனிதான் நமது கால்வாய். இதற்கு ஒரு விசேஷ குணம் உண்டு. வலப்பக்கத்துக் கிளைகளும் இடப்பக்கத்துக் கிளைகளும் முகத்தின் நடுக்கோட்டில் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டிருக்கின்றன. அதுவும் போதாதென்று, கண்ணைச் சுற்றியும் பிடரியிலும் மூளைக்குப் போகும் நாளங்களோடு சிறு சிறு இணைப்புகள் வைத்திருக்கின்றன. சவரக்கத்தி கீறிய கன்னம் இரண்டு நாளில் ஆறிவிடுவதும், பல் பிடுங்கிய குழி விரைவில் மூடிக்கொள்வதும் இந்தச் செழிப்பினால்தான். ஆனால் அதே செழிப்பு, அங்கே வேண்டாத கட்டி ஒன்று முளைத்துவிட்டால், அதற்கும் பாரபட்சமின்றி ஊட்டம் தருகிறது.

எப்படிப்பட்ட கட்டிகள் என்று கேட்பீர்கள். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன் ஒருவன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்து மூக்கு மாதக்கணக்கில் அடைத்துக்கிடக்கிறது, வலி இல்லை, அவ்வப்போது அந்தப் பக்கமே இரத்தம் கொட்டுகிறது. உஷ்ணம் என்று பாட்டி இளநீர் கொடுக்கிறாள். சளி என்று அப்பா ஆவி பிடிக்கச் சொல்கிறார். மூக்கின் பின்புறத்தில், தொண்டையின் மேல்கூரையை ஒட்டி, நாரும் இரத்தநாளமுமாகப் பின்னிய கட்டி ஒன்று அங்கே வளர்ந்துகொண்டிருக்கிறது. ஏறக்குறைய ஆண்பிள்ளைகளுக்கே, அதுவும் குமாரப் பருவத்திலேயே வருகிற விசித்திரமான கட்டி இது. புற்றுநோய் அன்று, ஆனால் எலும்பை அரித்துக்கொண்டு கண்குழிக்குள்ளும் மண்டைக்குள்ளும் புகுவதற்கு அஞ்சாதது. இதைச் சாதாரண மூக்குச்சதை என்று எண்ணி ஒரு துண்டு கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்ப முயன்ற வைத்தியர்கள், அடுத்த நிமிஷத்தில் பஞ்சும் துணியுமாய்த் திணித்துக்கொண்டு நின்ற கதைகள் பல உண்டு. எவ்வளவு திறமையான ரணசிகிச்சை நிபுணரானாலும், நேரே கத்தியை வைத்தால் இரத்தப் பெருக்கில் கட்டியின் எல்லையே கண்ணுக்குத் தெரியாது; தெரியாத எல்லையை முழுமையாக எடுக்க முடியாது; மிஞ்சியது மீண்டும் வளரும்.

வேறு சிலருக்குப் பிறவியிலேயே, காதிலோ கன்னத்திலோ தாடையெலும்பிலோ, தமனிகள் தந்துகி என்னும் மெல்லிழைகளின் வழியே போகாமல் நேரே சிரைகளில் கொட்டுகிற முடிச்சு ஒன்று அமைந்துவிடுகிறது. தொட்டால் துடிக்கும், காதுக்குள் இரைச்சல் கேட்கும். தாடையெலும்புக்குள் இது இருப்பது தெரியாமல், ஆடுகிற பல்லைப் பிடுங்கப்போய், நாற்காலியிலேயே உயிர் ஊசலாடிய சம்பவங்கள் உலக வைத்திய நூல்களில் பதிவாகியிருக்கின்றன. கழுத்தில் கரோட்டிட் பிரியும் கவட்டிலும், காதின் அடித்தளத்திலும் வளர்கிற சில கட்டிகளும் இவற்றைப்போலவே இரத்தம் மிகுந்தவை.

இவற்றுக்கெல்லாம் பழைய காலத்தில் செய்ததென்ன? கழுத்தைத் திறந்து, வெளிக்கரோட்டிட் தமனியைப் பட்டுநூலால் கட்டிவிடுவார்கள். தலைமடையை மூடும் வித்தை அது. முதல் நாள் அற்புதம்போல் தோன்றும், இரத்தம் நிற்கும், கட்டி சுருங்கும். நான் பயிற்சி வைத்தியனாக இருந்த காலத்தில், ஓர் ஆஸ்பத்திரியில், காதோரம் துடிப்புமுடிச்சு உடைய ஒருவருக்கு இப்படிக் கட்டிவிட்டதை அருகில் நின்று பார்த்தேன். எங்கள் எல்லோருக்கும் பெருமை பிடிபடவில்லை. சில மாதங்கள் கழித்து அவர் திரும்பி வந்தார். முடிச்சு முன்னிலும் பெரிதாகியிருந்தது. நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கத்துக் கிளைகளும், பிடரியிலிருந்து வேறு கிளைகளும் வந்து புதிய கால்வாய்களை வெட்டிக்கொண்டிருந்தன. அதைவிடத் துயரம் ஒன்று பிறகு தெரிந்தது. குழல்வழிச் சிகிச்சை செய்பவர் அவருடைய படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உள்ளே போகிற கதவை நீங்களே சாத்திவிட்டீர்களே" என்றார். அந்த ஒரு வாக்கியம் எனக்கு ஒரு பாடப்புத்தகத்துக்குச் சமமாயிற்று.

ஆகவே அடைக்கவேண்டிய இடம் தலைமடை அன்று, கடைமடை. கட்டியின் உள்ளேயே, அதன் நாளப் பின்னலிலேயே, அடைப்பு போய் உட்காரவேண்டும். இந்த எண்ணம் புதியதன்று. 1904ஆம் ஆண்டிலேயே நியூயார்க்கைச் சேர்ந்த டாபர்ன் என்ற ரணவைத்தியர், தலை, கழுத்துப் பகுதியில் வந்த புற்றுக்கட்டிகளைப் பட்டினி போட்டுச் சுருக்கலாம் என்று கருதி, வெளிக்கரோட்டிட் தமனிக்குள் உருக்கிய பாரபின் மெழுகையும் வாசலீனையும் கலந்து செலுத்தினார். மெழுகு எங்கே போய் உறையும் என்பதை அவரால் பார்க்க முடியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு மடை அடைக்கப் போனவரின் துணிச்சல் அது. இருந்தாலும், பட்டினி போடுதல் என்று அவர் அதற்கு வைத்த பெயர் நம் முதியவரின் கேள்விக்கு நூறாண்டுக்கு முன்பே கிடைத்த விடை. 1930ஐ ஒட்டி ப்ரூக்ஸ் என்பவர், கண்ணுக்குப் பின்னால் தமனியும் சிரையும் கிழிந்து ஒன்றாகிவிட்ட நோயாளிக்கு, அவருடைய தசையிலிருந்தே ஒரு துண்டை வெட்டித் தமனிக்குள் மிதக்கவிட்டு, அது போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும்படி செய்தார்.

கண்ணுக்குப் புலப்படாத நாளத்தைப் புலப்படச் செய்யும் வழி 1927இல் பிறந்தது. லிஸ்பன் நகரத்து எகாஸ் மோனிஸ், கரோட்டிட் தமனிக்குள் எக்ஸ்கதிரைத் தடுக்கும் திரவத்தைச் செலுத்தி, மூளையின் நாளங்களைப் படமாகப் பிடித்தார். அதற்குப் பிறகு 1953இல், ஸ்வீடன் நாட்டு செல்டிங்கர், கழுத்தைக் கீறாமலே, ஊசி குத்திய துவாரத்தின் வழியே கம்பியும், கம்பியின்மேல் குழலுமாக நாளத்துக்குள் நுழையும் எளிய முறையைக் கண்டார். இன்று இருதயத்துக்கு ஆஞ்சியோகிராம் செய்துகொள்கிற ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர்; ஆனால் அவர் பெயர் அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. 1960இல் அமெரிக்காவில் லூசன்ஹாப், ஸ்பென்ஸ் என்னும் இருவர் பிளாஸ்டிக் உருண்டைகளைக் கழுத்துத் தமனியில் விட்டு மூளையின் நாளமுடிச்சை அடைத்தார்கள். பாரிஸில் ஜிஞ்சியன் என்பவர், வெளிக்கரோட்டிட்டின் ஒவ்வொரு கிளைக்குள்ளும் தனித்தனியே குழலை நுழைத்து, எந்தக் கிளை எதற்கு நீர் பாய்ச்சுகிறது என்ற வரைபடத்தையே உருவாக்கினார். மாஸ்கோவில் செர்பினென்கோ, மே தின விழாவில் குழந்தைகள் நூலில் பிடித்திருந்த பலூன்களைப் பார்த்தே, நாளத்துக்குள் ஊதிக் கழற்றிவிடக்கூடிய சிறு பலூனை நினைத்தார் என்று சொல்வார்கள். 1974இல் தம் அனுபவத்தை அவர் உலகுக்கு வெளியிட்டார். நம்மவர் பங்கும் இல்லாமற்போகவில்லை. மினசோட்டாவில் பணிபுரிந்த தடவர்த்தி என்ற இந்திய வைத்தியர், பாலிவினைல் ஆல்கஹால் என்ற பஞ்சுபோன்ற பொருளைத் துகளாக்கி நாளத்தை அடைக்கப் பயன்படுத்தலாம் என்று 1975இல் தம் சகாக்களோடு எழுதினார். இன்றைக்கும் மூக்குக்கட்டிக்குப் பலர் கையிலெடுப்பது அந்தத் துகளைத்தான்.

எம்போலைசேஷன் என்று இதற்கு வைத்திய உலகில் பெயர். எம்போலோஸ் என்றால் கிரேக்கத்தில் ஆப்பு, அடைப்பான். ஆப்பு வைப்பது என்ற சொல்லுக்கு நம் ஊரில் நல்ல அர்த்தம் இல்லை. இந்த ஒரு சந்தர்ப்பத்திலாவது அதற்கு மரியாதை கிடைக்கட்டும்.

இனி நமது தென்னாட்டுக்கு வருவோம். இங்கிருந்து கிழக்கே சிறிது தூரத்தில் நெய்யூர் இருக்கிறது. 1838இல் லண்டன் மிஷன் அங்கே வைத்தியப் பணியைத் தொடங்கிற்று. எவரெஸ்ட் சிகரம் ஏற வந்த ஆங்கிலேய ரணவைத்தியர் சோமர்வெல், 1922இல் மலையிலிருந்து இறங்கித் தெற்கே சுற்றிப்பார்க்க வந்தவர், நெய்யூர் ஆஸ்பத்திரி வாசலில் காத்துக்கிடந்த கூட்டத்தைக் கண்டு, தமது பணிக்காலத்தின் பெரும்பகுதியை இங்கேயே கழித்தார். அவர் பெயரைத் தாங்கிய மருத்துவக் கல்லூரி உங்கள் தாலுகாவில், காரக்கோணத்திலேயே, நிற்கிறது. அதே நெய்யூரில் பணிபுரிந்த ஆர் என்ற வைத்தியர், திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்லுகிறவர்களுக்கு வாயில் வரும் புற்றுநோயைப்பற்றி 1933இல் லான்செட் பத்திரிகையில் எழுதிய கட்டுரை, இந்த நோயைப்பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் தேடிப் பார்க்கிற ஆவணம். வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் யாழ்ப்பாணத்துப் புகையிலைக்குத் திருவிதாங்கூர் பெரிய சந்தையாக இருந்த காலம் அது. தேநீர்க்கடை முதியவரின் கன்னத்தில் ஒதுங்கியிருந்த பொருளை நான் முதலிலேயே குறிப்பிட்டது வெறும் அலங்காரத்துக்காக அன்று.

திருவனந்தபுரத்தில், ராஜகுடும்பம் 1973இல் அரசுக்கு அளித்த கட்டடத்தில், 1976முதல் நோயாளிகளை ஏற்று நடந்துவருகிறது ஸ்ரீ சித்திரைத் திருநாள் வைத்தியசாலை. 1980இல் பாராளுமன்றச் சட்டத்தால் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஸ்தாபனமாயிற்று. ஆலயக் கதவுகளை 1936இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட மன்னரின் பெயர் அதற்கு. எல்லைக்கு அப்பாலும் இப்பாலும் உள்ள ஜனங்கள் "சித்திரா" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். நமக்கு அதைப்பற்றிய முக்கியமான செய்தி அங்கே உருவான இருதய வால்வு அன்று, அது பத்திரிகைகளில் போதுமான அளவு வந்துவிட்டது. நோயாளியைப் பார்க்கும் வைத்தியரும், பொருளைக் காய்ச்சி வார்க்கும் ரசாயன சாஸ்திரியும் ஒரே ஸ்தாபனத்தின் சம்பளப் பட்டியலில் இருந்ததனால் நேர்ந்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். பூஜப்புரையில் சாட்டல்மண்டு அரண்மனையில் இயங்கும் அதன் தொழில்நுட்பப் பிரிவில், ஜெயகிருஷ்ணன், தானு முதலிய ஆராய்ச்சியாளர்கள், 1980களின் பிற்பகுதியில், நாளத்தை அடைப்பதற்கென்றே நுண்ணிய கோளத் துகள்களைச் செய்தார்கள். கண்ணுக்குள் ஒட்டவைத்துக்கொள்கிற மென்மையான கண்ணாடிவில்லை இருக்கிறதே, அதே இனப் பொருள், நீரை உண்டு பருக்கும், உடம்பைப் புண்படுத்தாது. இவர்கள் செய்த விசேஷம், எக்ஸ்கதிரில் தெரியும்படி அதற்குள் அயோடின் சேர்ந்த பொருளை ஏற்றியதுதான். சாதாரணத் துகள் போன இடம் படத்தில் தெரியாது. இரத்த ஓட்டம் நின்றதை வைத்து ஊகிக்கவேண்டும். தானே தன்னைக் காட்டிக்கொள்ளும் துகள் என்றால், டாபர்னுக்கு இல்லாத கண் அதில் இருக்கிறது.

அந்த ஸ்தாபனத்தின் கதிரியல் வைத்தியர்கள் இன்னொன்றும் செய்தார்கள். நாளத்தை அடைக்கப் பயன்படும் பசை ஒன்று உண்டு. குழலில் திரவமாக இருந்து, இரத்தத்தைத் தொட்டவுடன் கெட்டியாகிவிடுவது. அது நிரந்தரம் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். இவர்கள் தாங்கள் சிகிச்சை செய்தவர்களை விட்டுவிடாமல் ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் அழைத்துப் படம்பிடித்து, சிலரிடம் அந்தப் பசை கரைந்து மறைவதைக் கண்டு, அமெரிக்க நரம்புக் கதிரியல் பத்திரிகையில் 1989இல் எழுதினார்கள். வெற்றி என்று நாம் கூவியதைச் சில வருஷங்கள் கழித்துப் போய்ச் சரிபார்ப்பது எல்லாருக்கும் வருகிற குணமில்லை. புதிய பொருளைக் கண்டுபிடிப்பதைவிட இதையே நான் உயர்ந்த காரியமாக மதிக்கிறேன்.

சிகிச்சை நடக்கும் விதத்தையும் சொல்லிவிடவேண்டும், ஏனெனில், "தொடையில் குத்தி மூக்குக்கு வைத்தியமா?" என்று பையனின் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்பது நியாயமே. தொடையும் வயிறும் சேரும் மடிப்பில் உள்ள தமனியில் ஊசி குத்தி, செல்டிங்கர் காட்டிய வழியில் குழலை நுழைத்து, முதுகெலும்பை ஒட்டி மேலேறும் பெருந்தமனியின் வழியாக, மார்பின் வளைவைத் தாண்டி, கழுத்துவரை கொண்டுபோகிறார்கள். நாளத்தின் உட்சுவருக்கு உணர்ச்சி கிடையாதாகையால், குழல் போவது நோயாளிக்குத் தெரியாது. பையன்கள் அசையாதிருக்கவே மயக்கம் கொடுப்பது. எக்ஸ்கதிரில் தெரியும் மருந்தைச் செலுத்திப் படம் எடுத்தவுடன், மூக்கின் பின்னே கட்டி கருமேகம்போல் நிறைந்து எழும். எந்தக் கிளை ஊட்டுகிறது என்று பார்த்து (பெரும்பாலும் அது தாடைக்குள் போகும் கிளையாகவே இருக்கும்), பெரிய குழலுக்குள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த பருமனுள்ள நுண்குழலை விட்டு, அந்தக் கிளையின் கடைசிவரை தள்ளுகிறார்கள். அதன் வழியே, பூவாற்றுக் கடற்கரையின் நேர்த்தியான மணல் பருக்கை அளவுள்ள துகள்களை, மருந்தில் கலக்கி, திரையைப் பார்த்தபடியே, சொட்டுச்சொட்டாக விடுகிறார்கள். இரத்தத்தின் ஓட்டமே அவற்றைக் கட்டிக்குள் இழுத்துக்கொள்கிறது. மேகம் மெல்லக் கலைகிறது. ஓட்டம் தயங்கும் கணத்தில் கையை நிறுத்தவேண்டும். ஒரு சொட்டு அதிகமானாலும் துகள் பின்னோக்கி வழிந்து வேண்டாத கிளைக்குள் போய்விடும். இந்தத் தொழிலில் தேர்ந்தவர் யார் என்று கேட்டால், எப்பொழுது நிறுத்துவது என்று அறிந்தவர் என்பேன்.

அடைத்தபின் ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் ரணசிகிச்சை நிபுணர் கட்டியை எடுத்துவிடவேண்டும். தாமதித்தால் அக்கம்பக்கத்து மடைகள் திறந்துகொள்ளும். ஆகையால் மூக்குக்கட்டிக்கு இது சிகிச்சையின் முதற்பாதிதான். கத்திக்கு வழி செய்துகொடுக்கிற பாதி. இதைத் தெளிவாகக் கேட்டறியாமல், "அடைத்தாயிற்றே, இனி எதற்கு ஆப்பரேஷன்?" என்று வீட்டுக்குப் பையனை அழைத்துப்போகிறவர்களும் உண்டு. துடிப்புமுடிச்சுகளில் விஷயம் வேறு. அங்கே பசையாலோ, வேறு திரவத்தாலோ முடிச்சின் மையத்தையே நிரப்பப் பார்ப்பார்கள். பல தடவை வரவேண்டியிருக்கும். முழுமையாக ஒழிந்தது என்று சொல்லுவதற்கு வருஷங்கள் காத்திருக்கவேண்டும். வாய்ப் புற்றிலும் தொண்டைப் புற்றிலும், கட்டி தமனியை அரித்து இரத்தம் கொட்டும்போது, அதை நிறுத்தி உயிரைப் பிடித்துவைக்க இம்முறை உதவும். புற்றை அது குணப்படுத்தாது. புற்றை முளையிலேயே கண்டுகொள்ளும் வழி இதைவிட மலிவானது. திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே 1996முதல் கிராமம் கிராமமாக, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் விளக்கைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்து நடத்திய ஆராய்ச்சியில், புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றால் நேரும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005இல் தெரியவந்தது. கோடி ரூபாய் யந்திரத்தைப்பற்றிப் பேசுகிற மேடையிலேயே கைவிளக்கின் பெருமையையும் சொல்லிவைப்பது என் கடமை.

அபாயங்களை மறைக்கமாட்டேன். கண்ணைச் சுற்றியும் பிடரியிலும் உள்ள சிறு இணைப்புகளை முன்பே சொன்னேன். சாதாரண நாளில் அவை உறங்கும் வாய்க்கால்கள். குழலின் வழியே அழுத்தம் ஏறினால் விழித்துக்கொள்ளும். கண்தமனிக்குள் ஒரு பருக்கை நழுவினால் பார்வை போகலாம். பிடரிக் கிளையிலிருந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரலாம். அளவுக்கு மிஞ்சி நுண்ணிய துகளானால், முகத்தை அசைக்கும் நரம்புக்கு ஊட்டம் அற்றுப்போய் முகம் கோணலாம். அதனால்தான் துகளின் பருமனைத் தேர்ந்தெடுப்பதும், ஒவ்வொரு கிளையையும் அடைப்பதற்கு முன் படம் எடுத்து ஆராய்வதும். மூளைக்குப் போகும் உட்கரோட்டிட்டிலிருந்தே ஊட்டம் பெறும் கட்டிப் பகுதியைத் துகளால் தொடாமல் விட்டுவிடுவதே பெரும்பாலும் விவேகம். சாதாரணமாக நேர்வது, சில நாள் காய்ச்சல், தாடைவலி, வாயைத் திறப்பதில் சிரமம். இவற்றையெல்லாம் சிகிச்சைக்கு முன்பே, உங்களுக்குப் புரிகிற பாஷையில், தமிழோ மலையாளமோ, வைத்தியர் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் கேளுங்கள். ஒப்புதல் தாளில் கையெழுத்திடுவதற்கு முன் கேட்கிற கேள்வி மரியாதைக் குறைவு ஆகாது.

நேரமாகிறது, கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டியவர்கள் கதவோரம் நகர்வது தெரிகிறது. உங்களிடம் நான் வேண்டிக்கொள்வது இவ்வளவுதான். ஒரே பக்கத்து மூக்கில் அடிக்கடி இரத்தம் கொட்டுகிற பையன் உங்கள் வீட்டில் இருந்தால், உஷ்ணம் என்று சொல்லி மாதங்களைக் கழிக்காதீர்கள். காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்டி, படம் எடுத்துப் பார்க்கும்வரை யாரையும் அந்தக் கட்டியில் ஒரு துண்டும் கிள்ளவிடாதீர்கள். ஈறு துடித்தாலோ, பல்லைச் சுற்றி இரத்தம் ஊறினாலோ, பல் பிடுங்குவதற்குமுன் அதை வைத்தியருக்கு வாய்திறந்து சொல்லுங்கள். காதிலோ கன்னத்திலோ துடிக்கிற கட்டி இருந்து, கழுத்தில் தமனியைக் கட்டிவிடலாம் என்று யாரேனும் சொன்னால், குழல்வழிச் சிகிச்சை தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் எடுத்த படமானாலும் இந்தப் பக்கம் எடுத்த படமானாலும், பழைய படங்களை வீட்டு மச்சில் போட்டுவிடாமல், ஒரு பையில் வைத்து, ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் கையோடு கொண்டுபோங்கள்.